சூசையப்பர் எப்போது செயின்ட் ஜோசப் ஆனார்?

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் ஒரு செயின்ட் ஜோசப் பள்ளி, பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு சர்ச். யார் இந்த ஜோசப்? ஒரு தச்சருக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இருக்கட்டும், அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘செயின்ட் ஜோசப்’. மரியாளின் கணவர், இயேசுவை வளர்த்த அப்பா. தமிழில் அவர் சூசையப்பர், ஐயா! போர்த்துக்கீசியரின் ஜோசே நம் வாயில் சூசை ஆனார், மரியாதைக்கு ஒரு அப்பரையும் சேர்த்துக்கொண்டோம். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவர் அருளினார், அதனால் அருளப்பர். பொருள் தெரிந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் ‘பெருகட்டும்’ என்ற பொருள் இருப்பதால் வளன் என்று அழைத்து, அவரையே தலைவனாக்கித் தேம்பாவணி பாடினார். 3,615 பாட்டு! இத்தனைக்கும் நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கனவில் ‘எழுந்து போ’ என்று கேட்டதும் எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போகிறார், அவ்வளவுதான். வாயே திறக்காத அந்த மனிதருக்கு, இத்தாலியில் பிறந்த ஒருவர் தமிழில் காப்பியம் எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த, அப்துல் கலாம் படித்த கல்லூரிக்குத் தமிழில் தூய வளனார் கல்லூரி என்று பெயர். பாளையங்கோட்டையில் 1923-லிருந்து இருப்பது தூய சவேரியார் கல்லூரி. அவர்களால் முடிகிறதே! ‘இங்கிலீஷ் பெயர் இருந்தால்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்’ என்று ஒரு தாளாளர் என்னோடு மல்லுக்கு நின்றார். நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. நான் படித்த பள்ளியின் சுவரில் ‘புனித சூசையப்பர்’ என்று நீல எழுத்தில் இருக்கும், மழையில் ‘சூ’வின் சுழி மட்டும் கரைந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய முதல் பெயரே எங்களுக்கு அதுதான். போன மாதம் போய்ப் பார்த்தால் வெள்ளையடித்து அதன்மேல் ‘செ. ஜோசப்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

சரி, தச்சருக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியில் ஊர்க்காரர்கள் இயேசுவைப் பார்த்து ‘இவர் தச்சரின் மகன் அல்லவா’ என்கிறார்கள். மாற்குவில் ‘இவர் தச்சர் அல்லவா’ என்றே கேட்கிறார்கள். அப்பா தொழில் மகன் கைக்கு வந்திருக்கிறது, ஐயா. பேச்சில்லாமல், பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்து உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைக்காமல் வேறு யார் பெயரை வைப்பது?

உங்கள் ஊர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.