நினைவூட்டல் விளக்கு எண்ணுவது மைலை, ஆயிலை அல்ல: கேள்வி பதில்

அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் டொயோட்டா, ஹோண்டா கார்களின் பராமரிப்பு நினைவூட்டல் விளக்கு குறித்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஐயா, என்னுடைய 2010 கொரோலாவில் சாவியைத் திருப்பியதும் ‘மெயின்ட் ரிக்வயர்டு’ (பராமரிப்பு தேவை) என்ற எழுத்து சில விநாடிகள் மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. இன்ஜினில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அந்த விளக்கு இன்ஜினையோ ஆயிலையோ சோதிப்பதில்லை. கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து, அதாவது எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கியதிலிருந்து, வண்டி ஓடிய தூரத்தை எண்ணுவது ஒன்றே அதன் வேலை. சுமார் 4,500 மைல் ஆனதும் மினுக்கத் தொடங்கும். 5,000 மைலைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஆனதும், அணையாமல் எரியும். ஆகவே சர்வீசுக்கு நாள் குறிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. இன்ஜின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கையும், எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கையும் இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தம் குறைந்ததைச் சொல்வது. அதைக் கண்டால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: நானே ஆயில் மாற்றிவிட்டேன். ரீசெட் செய்ய மீட்டர் பலகையில் உள்ள பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் விளக்கு அணையவில்லை. அதே 2010 கொரோலாதான்.

பதில்: இருவகைத் தவறுகளில் ஒன்று நேர்ந்திருக்கும். முதலாவது, திரையில் ஓடோமீட்டர் (வண்டி ஓடிய மொத்தத் தூரம்) இருக்கும்போது அழுத்துவது; ‘ட்ரிப் ஏ’ (ஒரு பயணத்தின் தூரம்) தெரியுமாறு மாற்றிய பிறகே சாவியை ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, அவசரத்தில் இன்ஜினைக் கிளப்பிவிடுவது. பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே சாவியை ‘ஆன்’ நிலை வரை மட்டும் திருப்புங்கள். திரையில் சிறு கோடுகள் தோன்றி ஒவ்வொன்றாக மறையும். 000000 என்று வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. பலரும் கோடுகளைக் கண்டதுமே விரலை எடுத்துவிடுகிறார்கள். பழைய சில மாடல்களில் ட்ரிப்புக்குப் பதிலாக ஓடோமீட்டர் தெரிய வேண்டும் என்பதால், கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டால் போதுமென்று நண்பர் சொல்கிறார்.

பதில்: இதற்கு அது வழியல்ல. கடிகாரமும் ரேடியோவில் பதிந்துவைத்த நிலையங்களும் அழிந்துபோவதுதான் மிச்சம்.

கேள்வி: 2014 கேம்ரிக்கு 0டபிள்யூ-20 என்ற பிசுபிசுப்பு அளவுள்ள சிந்தெடிக் (செயற்கை) ஆயில் 10,000 மைல் வரை தாங்கும் என்கிறார்கள். பிறகு ஏன் 5,000 மைலிலேயே விளக்கு எரிகிறது? விளக்குக்குக் கட்டுப்பட்டு இரண்டு முறை ஆயில் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அந்த வண்டிக்கு 10,000 மைல் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றினால் போதும். இடையில் 5,000 மைலில் வரும் நினைவூட்டல், டயர்களை இடம் மாற்றுவதற்கும் பிரேக்கைப் பார்ப்பதற்கும் உரியது. அந்த வேலைகளை முடித்து விளக்கை ரீசெட் செய்துவிட்டால், அடுத்த முறை எரியும்போது ஆயிலுக்கு நேரம் வந்துவிட்டதென்று கொள்ளலாம். ஓயாமல் தூசியிலோ, பாரம் இழுத்தோ ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் 5,000 மைலிலேயே மாற்ற வேண்டும்.

கேள்வி: என் 2012 சிவிக்கில் விளக்கோடு ‘பி1’ என்றும் 15 சதவீதம் என்றும் காட்டுகிறது.

பதில்: ஹோண்டாவின் முறை வேறு. அது இன்ஜின் ஓடிய விதத்தை வைத்து ஆயிலின் எஞ்சிய ஆயுளைக் கணக்கிடுகிறது. இதுவும் கணக்குதானே தவிர, ஆயிலைத் தொட்டுப் பார்த்த முடிவல்ல. 15 சதவீதத்தில் முதல் எச்சரிக்கை வரும். ‘பி’ என்பது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பிரேக் முதலியவற்றைச் சோதிப்பது, ‘1’ என்பது டயர்களை இடம் மாற்றுவது.

கேள்வி: கடையில் சர்வீஸ் முடித்து வந்தேன், விளக்கும் அணைந்திருக்கிறது. ஆயில் மாற்றியிருப்பார்கள் என்று நம்பலாமா?

பதில்: விளக்கை நம்பாதீர்கள், அதை அணைக்க ஒரு விரல் போதும். எனக்கே ஒரு கடையில் அப்படி நேர்ந்தது: விளக்கு அணைந்திருந்தது, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) துடைத்து மீண்டும் விட்டு எடுத்தபோது ஆயில் பழைய கறுப்பாகவே இருந்தது. புதிய ஆயில் தேன் நிறத்தில், மெல்லிய படலமாகத் தெரியும். வண்டியை எடுக்கும்முன் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஆண்டுக்கு 3,000 மைல்கூட ஓட்டுவதில்லை. கொரோலாவில் விளக்கு எரியவே இல்லையே?

பதில்: எரியாது, ஏனெனில் அதற்கு மாதக் கணக்கு தெரியாது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் ஆயிலில் ஈரம் தங்கிவிடுவதால், தூரம் குறைவென்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். மாற்றிய தேதியையும் அன்றைய மைலையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.