நட்ட அன்றே அடங்கலில் ஏற்றுங்கள்
மரம் வளர்ப்போர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஆலங்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம். கடலை போட்டு வந்தோம். இப்போது களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. தேக்கு, மகோகனி, கொஞ்சம் சந்தனம் நடலாம் என்று நினைக்கிறேன். அரசு என்ன உதவி செய்யும்? நடுவதற்கு லைசென்ஸ் வேண்டுமா? பிற்காலத்தில் நிலத்தையே காடு என்று எழுதிவிடுவார்கள் என்று மாமனார் பயப்படுகிறார்.
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மாமனாரின் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன் அம்மா. காப்புக்காடு என்று ஒரு நிலத்தை ஆக்க அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும், உரிமை கோருபவர்களை விசாரிக்க வேண்டும். பட்டா நிலத்தில் நீங்கள் தேக்கு நட்டதால் அது நடக்காது. பட்டா உங்கள் பட்டாவாகவே இருக்கும். நடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அனுமதி என்ற பேச்சு வருவது வெட்டும்போதும், வண்டியில் ஏற்றும்போதும்தான்.

கன்று வாங்க இரண்டு வழி உண்டு. வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் 2021-22இல் வந்தது. உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். வரப்பில் மட்டும் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, வயலுக்குள் நட்டால் 160. உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு வருடம் 7 ரூபாய் வீதம் மூன்று வருடம் தருவதாக அறிவித்தார்கள். 160 கன்றுக்கு வருடம் 1,120 ரூபாய். தண்ணீர் ஊற்றுகிற கூலிக்கே காணாது. இன்னொரு வழி வனத்துறை நாற்றங்கால். வனமும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்க 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக அங்கேயும் கன்று வளர்க்கிறார்கள். எங்கே வாங்கினாலும் நாலைந்து பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தால் அந்த நாற்றை எடுக்காதீர்கள். மேலே இலை தளதளவென்று இருக்கும்; ஐந்தாம் வருடக் காற்றில் மரம் அடியோடு சாயும். ஐப்பசி மழையைப் பிடித்து நட்டுவிடுங்கள்.

சந்தனம் பற்றிக் கேட்டீர்கள். அது தனியாக வளராத மரம். பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் சாறு எடுக்கும். நாற்றுப் பையிலேயே கூடவே பொன்னாங்கண்ணி இருக்கும். அதைக் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, கன்று வாடுகிறதே என்று வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நட்டதும் ஓரத்தில் துவரை விதையுங்கள். நிரந்தரத் துணைக்கு நாலைந்து அடி தள்ளிச் சவுக்கு வையுங்கள். சந்தனத்தை நீங்களே வெட்டக் கூடாது. பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான 2008ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறைதான் வெட்டி, கிடங்கில் வைத்து விற்கும். விற்ற தொகையில் 80 சதவீதம் உங்களுக்கு. திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகளில் தரம் பிரித்து, கிலோக் கணக்கில் விற்பார்கள். வைரம் ஏற, அதாவது மணமுள்ள நடுக்கட்டை முற்ற, வருடக்கணக்காகும். அதுவரை திருட்டுக்குக் காவல் காக்க வேண்டும். வீடு தோட்டத்திலேயே இருந்தால் நடுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்பேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வனச்சரகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் பெரியப்பாவே வாய்க்கால் கரையில் 28 தேக்கு வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு வெட்ட நினைத்தபோது அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கைப் பார்த்தால், அத்தனை வருடமும் “நெல்” என்று மட்டும் இருந்தது. மரம் அவருடையது என்று ஊருக்கே தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. மரம் தன்னுடையது என்ற சான்றுக்காக ஆறு மாதம் நடந்தார். முகூர்த்தம் நெருங்கியதும் வியாபாரி மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைத்தார், பெரியப்பா தலையாட்டினார். வனத்துறையில் இருந்த நானே அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் நட்ட வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். சர்வே எண், மரத்தின் பெயர், எண்ணிக்கை மூன்றும் அடங்கலில் ஏற வேண்டும். வருடா வருடம் நகல் வாங்கிப் பட்டாவோடு வையுங்கள். பட்டா மாமனார் பெயரில் இருந்தால் அதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தேக்கு வெட்டி ஏற்றும் அன்றைக்கு வனத்துறை உங்களிடம் கேட்பது இதைத்தான். சவுக்குக்கு இந்த அலைச்சல் இல்லை. ஒரு ஏக்கரிலாவது சவுக்கு போடுங்கள். நாலு வருடத்தில் கையில் காசு வரும், தேக்கை அவசரப்பட்டு வெட்டத் தோன்றாது.

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் காபித் தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் முற்றிவிட்டது. நாங்கள் வைத்த மரம்தானே, வெட்டி விற்கலாமா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: மலையில் கணக்கு வேறு. 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பகுதிக்குப் பொருந்தும். சொந்த நிலம், சொந்தக் கையால் வைத்த மரம் என்றாலும் மாவட்டக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே கோடாரி. வியாபாரி “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். வழக்கு வந்தால் பட்டாதாரர் பெயரில்தான் வரும். முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு மனு எழுதுங்கள்.