ஆலைத் தொழிலாளி ஒருவர் அரசியலில் எவ்வளவு தூரம் போக முடியும்?

பணமோ குடும்பப் பின்னணியோ இல்லாமல் ஆலையிலிருந்து வந்த ஒருவர் அரசியலில் எதுவரை போக முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருக்கும் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ஒரு ஆள் இருக்கிறார்: ஸ்டீவ் ஆஷ்டன். 35 வருடம் எம்.எல்.ஏ. ஆனால் கட்சித் தலைமைக்கு மூன்று முறை நின்றார், மூன்று முறையும் தோற்றார்.

அவர் தொகுதி தாம்சன். வேலை விஷயமாக ஒரு ஜனவரியில் போயிருக்கிறேன். மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து 6-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே எட்டு மணி நேரம். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். விடுதி வாசலில் நின்ற வண்டி ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் ஒரு பிளக் வயர் தொங்கியது. எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க ராத்திரி முழுக்க கரண்டில் போட்டு வைப்பார்கள். ஊரே இன்கோ என்ற நிக்கல் கம்பெனிக்காகக் காட்டை வெட்டி உண்டாக்கியது. எஃகு அங்கே மருந்துக்கும் கிடையாது. ஆனால் தொழிலாளிகள் இருப்பது எஃகுத் தொழிலாளர் சங்கத்தில், லோக்கல் 6166 என்ற கிளை.

1981-ல் இன்கோவில் ஸ்ட்ரைக். அந்த ஸ்ட்ரைக்கில் இருந்தபடியே ஆஷ்டன் என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) என்ற இடதுசாரிக் கட்சி சார்பில் தேர்தலில் நின்றார். வயது 25. எதிரே நின்றவர் கன்சர்வேடிவ் அமைச்சர் கென் மக்மாஸ்டர். 72 ஓட்டில் ஆஷ்டன் ஜெயித்தார்! (ஆலைத் தொழிலாளி என்றதும் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதாரத்தில் எம்.ஏ., மாணவர் சங்கத் தலைவராகவும் இருந்தவர். நீங்கள் கேட்ட ஆள் முழுக்க இவர்தானா என்றால், இல்லை.)

1988-ல் என்.டி.பி. ஆட்சியில் இருந்தபோது சொந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஒருவரே பட்ஜெட்டை எதிர்த்து ஓட்டுப் போட, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் என்.டி.பி.க்கு மிஞ்சியது 12 இடம். அதில் தாம்சனும் ஒன்று. அப்புறம் 11 வருடம் எதிர்க்கட்சி வரிசை. விற்க மாட்டோம் என்று சொல்லி 1995-ல் ஜெயித்த கேரி ஃபில்மனின் கன்சர்வேடிவ் அரசு, மறு வருடமே அரசுத் தொலைபேசி நிறுவனத்தை விற்கக் கிளம்பியபோது சபையில் முன்னால் நின்று சண்டை போட்டவர் ஆஷ்டன்தான். விற்பனை நிற்கவில்லை. 1999-ல் ஆட்சி வந்ததும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரானார். ஊருக்குப் போக எட்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்குப் பொருத்தமான துறை!

சரி, ஏன் தலைவராகவில்லை? என் கணிப்பு இது: அன்றைய 57 தொகுதிகளில் வடக்குக்கு நாலு, வின்னிபெக்குக்கு 31. தாம்சனில் எடுத்த பெயர் தலைநகரில் செல்லுபடியாகவில்லை. 2009-ல் கிரெக் செலிங்கரிடம் தோல்வி. 2015-ல் முதல் சுற்றிலேயே வெளியே. நடுவில் வெள்ளத் தடுப்புக் கருவிகளை டெண்டர் இல்லாமல் வாங்கப் பார்த்த விவகாரம் வேறு அவர் பெயரைக் கெடுத்தது. என்.டி.பி. அரசு விற்பனை வரியை 7-லிருந்து 8 சதவீதம் ஆக்கிய கோபம் அடங்காத 2016-ல் தாம்சனும் கைவிட்டுப் போனது. இத்தனைக்குப் பிறகும் 2017 செப்டம்பரில் மறுபடி தலைமைக்கு நின்றார். ஜெயித்த வாப் கினியூவுக்கு 728 ஓட்டு, இவருக்கு 253.

அதே சமயம் அவர் மகள் நிக்கி ஆஷ்டன், அப்போது வடக்கு மானிட்டோபாவின் எம்.பி.யாக இருந்தவர், தேசிய என்.டி.பி. தலைமைக்குப் போட்டியில் இருந்தார். அப்பா தோற்ற இரண்டு வாரத்தில் அவரும் ஜக்மீத் சிங்கிடம் தோற்றார்.