தென்காசியிலிருந்து அல்சைமர் மருந்து ஆய்வில் சேர

அப்பாவுக்கு 71 வயது, அல்சைமர் ஆரம்ப நிலை, தென்காசிப் பக்கம் ஏதாவது மருந்து ஆய்வு நடக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு) தளத்தில் தேடுங்கள். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் அதில் பதிவாகியே ஆகவேண்டும். ஒவ்வொரு பதிவிலும் எந்தெந்த ஊர், எந்த மருத்துவர், போன் நம்பர் எல்லாம் இருக்கும். நேராகவே கூப்பிட்டுக் கேட்கலாம்.

தள்ளிப்போடாதீர்கள். புது மருந்து ஆய்வுகள் பலவும் ஆரம்ப நிலை ஆட்களைத்தான் எடுக்கும். எம்எம்எஸ்இ என்கிற நினைவாற்றல் சோதனையின் மதிப்பெண் (30க்கு எவ்வளவு), எம்ஆர்ஐ ரிப்போர்ட் இரண்டும் கையில் இருக்கட்டும்.

எங்கள் அம்மா விஷயத்தில் இடறியது வேறு இடத்தில். ஒவ்வொரு முறையும் அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர், ஆள் மாறாமல், உடன் வரவேண்டும் என்றார்கள். நான் வெளியூர், தங்கைக்கு லீவு கிடையாது. சேர்க்கவே முடியவில்லை. அதனால் முதல் போனிலேயே கேளுங்கள்: மாதம் எத்தனை தடவை வரவேண்டும், பஸ் செலவு தருவார்களா, சில கேள்விகளைப் போனிலேயே முடிக்கலாமா?

ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் சேராதீர்கள், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.