போக்கர் மேசையில் அரசின் பெட் வரம்பு: கேள்வி பதில்

டென்வர் பக்கம் போக்கர் ஆடப் போகிறேன். கொலராடோவில் 100 டாலருக்கு மேல் பெட் வைக்கக் கூடாது என்கிறார்களே?

அது பழைய கதை. பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி, கிரிப்பிள் கிரீக் என்ற மூன்று பழைய சுரங்க ஊர்களில் 1991ல் கேசினோ வந்தபோது ஒரு பெட்டுக்கு உச்சம் 5 டாலர். 2008ல் மக்கள் வாக்களித்து, 2009 ஜூலையில் அது 100 ஆனது. 2020 வாக்கெடுப்பில் முடிவு அந்த ஊர்க்காரர்கள் கைக்கே போனது. 2021 மே முதல் வரம்பு இல்லை.

பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்) சின்னதாக உள்ள ஆட்டத்துக்கு 100 டாலர் தாராளம்தானே? அதில் என்ன இடைஞ்சல்?

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பாட், அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணம், பெருத்த பிறகுதான் உறைக்கும். உங்களிடம் ஏஸ் ஜோடி, டர்ன் என்ற நாலாவது பொதுச் சீட்டு விழுந்துவிட்டது, பாட்டில் 400 டாலர் என்று வையுங்கள். எதிராளிக்கு நாலு ஹார்ட் சேர்ந்திருக்கிறது. இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃபிளஷ், உங்கள் ஜோடியை வென்றுவிடும். அவர் பார்க்காத 46 சீட்டில் 9 ஹார்ட், அதாவது ஐந்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொஞ்சம் கீழே.

வரம்பே இல்லாத நோ-லிமிட்டில் நீங்கள் 300 வைப்பீர்கள். 700ஐப் பிடிக்க அவர் 300 போட வேண்டும், கட்டுப்படியாகாது. 100தான் உச்சம் என்றால் 500ஐப் பிடிக்க 100 போட்டால் போதும். ஆறில் ஒரு முறை வந்தாலே போட்டதும் எடுத்ததும் சரியாகிவிடும். ஆகவே கால் செய்வதுதான், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்வதுதான், அவருக்குச் சரியான ஆட்டம். அவரைத் துரத்த உங்களுக்கு வழியே இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும் பிளஃபும் அப்படித்தான்: 600 டாலர் பாட்டில் 100 வைத்தால் யார் பயந்து சீட்டைக் கீழே போட்டு ஃபோல்டு செய்வார்?

அப்படியானால் 5 டாலர் காலத்தில்?

நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பதே ஆட்டம். 40 டாலர் பாட்டில் கேசினோ தன் கமிஷனாக 4 டாலர் ரேக் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அளவுக்குத் திறமை காட்ட 5 டாலர் பெட்டில் இடமில்லை.

புளோரிடாவில் ஒரு காலத்தில் நோ-லிமிட்டும் இருந்தது, வரம்பும் இருந்தது என்கிறார்களே, எப்படி?

வரம்பை வேறு இடத்தில் வைத்தார்கள். 2003ல் பெட்டுக்கு 2 டாலர்தான். 2007ல் அதை 5 ஆக்கி, நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையையும் அனுமதித்தார்கள், ஆனால் பை-இன், அதாவது மேசைக்குக் கொண்டு வரும் பணம், 100 டாலருக்கு மேல் கூடாது. பெரிய பிளைண்ட் 5 டாலர் என்றால் கையில் 20 பிளைண்ட்தான். முதல் மூன்று பொதுச் சீட்டு விழும் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே மொத்தத்தையும் தள்ளுவதா வேண்டாமா என்பதோடு யோசனை முடிந்துவிடும். 2010 ஜூலையில் அந்த வரம்பையும் நீக்கினார்கள்.

என்னைக் கேட்டால் தொகையைவிட, வரம்பு எதன்மேல் விழுகிறது என்பதுதான் ஆட்டத்தை மாற்றுகிறது. பெட்மேல் விழுந்தால், இன்னொரு சீட்டுக்காகக் காத்து டிரா ஆடுபவருக்கு லாபம். பை-இன்மேல் விழுந்தால் பின்னால் வரும் சீட்டுகளுக்கு வேலையே இல்லை.

மற்ற மாநிலங்கள்?

தெற்கு டகோட்டாவின் டெட்வுட்டில் 1989ல் 5 டாலர், 2000ல் 100, 2012ல் 1,000. மொன்டானாவில் பாட்டுக்கே 800 டாலர் என்று உச்சம் வைத்தார்கள்.

எதுவானாலும் புதியவருக்கு இது பாதுகாப்பு இல்லையா?

ஒரே கையில் மொத்தமும் போவதைத் தடுக்கும், அது உண்மை. ஆனால் மெதுவாகப் போகும் பணத்தைத் தடுக்காது. கால் செய்வது மலிவாக இருப்பதால் ஒவ்வொரு கையிலும் உட்காரத் தோன்றும், ரேக் பாட்டுக்குப் பாட்டு எடுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவோடு உட்காருகிறோம், எப்போது எழுந்திருக்கிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

100 டாலர் வரம்பிலேயே பல வருடம் ஆடியவன் நான். இப்போது எதை மாற்ற வேண்டும்?

முதலில் அந்த மலிவு கால்களை நிறுத்துங்கள். டிராவோடு உள்ளே போகும் முன் எதிராளியின் ஸ்டாக்கை, அதாவது அவர் முன்னால் இருக்கும் மொத்தப் பணத்தைப் பாருங்கள், இந்த பெட்டை மட்டும் பார்க்காதீர்கள். டர்னில் அவர் 100 கேட்டால், கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் 400 கேட்கலாம். அப்புறம், நீங்கள் பெட் வைக்கும்போது 100 என்ற எண்ணை மறந்துவிட்டு, பாட்டில் பாதியா முக்காலா என்று கணக்குப் போடுங்கள்.