அட்டெண்டன்ஸை ரூம்மேட் பார்த்துக்கொள்வாளா?

கேள்வி: ஜார்ஜியாவில், டிபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். 2022 செப்டம்பரில் சேர்ந்தேன். இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறேன். என் நடன ரீல்ஸைப் பார்த்துவிட்டு, ஒரு புது இயக்குநர் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். அக்டோபரில் தொடங்கி 45 நாள் ஷூட்டிங். அட்டெண்டன்ஸை ரூம்மேட் பார்த்துக்கொள்வாள். சாய் பல்லவியும் படித்துக்கொண்டேதானே நடித்தார்? வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கிய அப்பாதான் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் எப்படிப் பேசுவது?
– கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: அப்பாவைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ரூம்மேட். மூன்றே வார்த்தையில் அவளைக் கடந்து போய்விட்டாய். உன் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த மூன்று வார்த்தைதான்.

நீ பொள்ளாச்சியில் நடித்துக்கொண்டிருப்பாய், அவள் டிபிலிசியில் உன் பெயருக்குக் கையெழுத்துப் போடுவாள். மாட்டினால் அவள் படிப்பும் போகும். அவளுக்கும் ஊரில் ஓர் அப்பா கடன் வாங்கித்தானே அனுப்பியிருப்பார்? அந்த வீட்டைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தாயா?

மாட்டாமலே போனாலும் தப்ப முடியாது. நீ சேர்ந்தது, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்தியா 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். எல்லாமே நேரில் இருந்து முடித்ததாக இருக்க வேண்டும். இங்கே மருத்துவராகப் பதிவு செய்யப் போகும்போது பாஸ்போர்ட் பக்கங்களைக் கேட்பார்கள். அக்டோபரில் நீ வகுப்பில் இருந்ததாகப் பல்கலைக்கழகச் சான்று சொல்லும், இந்தியாவில் இருந்ததாகக் குடியேற்ற முத்திரை சொல்லும். எதை நம்புவார்கள் என்று நினைக்கிறாய்?

அதுவும் இது வார்டு வருஷம். இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கிய நோயாளியின் நெஞ்சில் கேட்கும் 'மர்மர்' ஒலியைப் புத்தகத்தில் படித்துக் காதுக்குக் கொண்டுவர முடியாது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெத்தின் கிண்ணம் போன்ற பெல் பக்கத்தை இதயத் துடிப்பு தெரியும் இடத்தில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் அடியில் இருக்கும் தோல் விறைத்துக்கொள்ளும், அந்தத் தாழ்ந்த ஒலி கேட்காமல் போகும். நாலைந்து பேருக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபடும். ரூம்மேட்டின் கையெழுத்து உனக்கு அந்தக் காதைத் தராது. நாளைக்கு உன்னிடம் வருகிறவர் யாரோ ஒருவருடைய அம்மா.

சாய் பல்லவி பெயரை வைத்து வாதாடாதே. 'பிரேமம்' வாய்ப்பு வந்தது 2014இல், அவர் டிபிலிசியில் படித்துக்கொண்டிருந்தபோது. விடுமுறையில் நடித்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பிப் போனார். அடுத்த படமான 'கலி'க்கு ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். 2016இல் பட்டம் வாங்கினார். படம் ஓடி, மலர் டீச்சர் என்று ஊரே கொண்டாடிய பிறகும் படிப்பை முடித்தார் என்பதைக் கவனி. 2020 ஆகஸ்டு 31 அன்று, அத்தனை படங்களுக்குப் பிறகு, திருச்சியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வை எழுதினார். அவர் படிப்பின் காலண்டருக்குள் சினிமாவை நுழைத்தார். நீ தலைகீழாகச் செய்யப் பார்க்கிறாய்.

நடிக்காதே என்று சொல்லவில்லை. இயக்குநரிடம் விடுமுறை மாதங்களான ஜூலை, ஆகஸ்டு கேள். '45 நாள்' என்ற பேச்சை ஏற்காதே. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். பேட்ச் வொர்க் (விட்டுப்போன காட்சிகளை எடுப்பது), டப்பிங், ப்ரமோஷன் மூன்றுக்கும் தனித்தனி நாள் குறிக்கச் சொல். புது ஆட்களின் படம் இதில்தான் இழுக்கும். நாயகனின் கால்ஷீட் தள்ளிப்போனால் உன்னுடையதும் தள்ளிப்போகும், காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறக் கூடாது என்று முடியைக்கூட வெட்ட முடியாமல் தேர்வு எழுதுவாய். சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தமாகப் போகும், பான் கார்டு எடுத்து வை.

அக்டோபரை விட்டால் இல்லை என்கிறாரா? அப்படியானால் டீன் அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒரு செமஸ்டர் விடுப்பு கேள். அதில் பொய் இல்லை. ஆனால் கேட்கும் முன், விடுபடும் பாடம் அடுத்த செமஸ்டரிலேயே நடக்குமா, வருஷத்துக்கு ஒருமுறைதானா என்று விசாரி. ஒருமுறைதான் என்றால் ஆறு மாத விடுப்பு ஒரு வருஷமாகிவிடும். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருஷத்துக்குள் இந்தியப் பயிற்சி உட்பட எல்லாம் முடிய வேண்டும். உனக்கு 2032 செப்டம்பர். நேராகப் போனால் 2028இல் பட்டம், அந்த டிசம்பரில் சாய் பல்லவி எழுதிய அதே தேர்வு, 2030க்குள் பயிற்சியும் முடிந்துவிடும். அந்தத் தேர்வில் 300 கேள்வியில் 150 எடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும், இரண்டு தடவை தவறினாலே ஒரு வருஷம் போச்சு. கையில் மிச்சமிருக்கும் அவகாசம் அதற்கானது. அதை இப்போதே சினிமாவுக்குச் செலவழிக்கிறாய் என்று தெரிந்து செலவழி.

படிப்பு நீண்டால் வங்கிக்கும் எழுதிக் கொடுத்துத் தவணை தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். வட்டி அதுபாட்டுக்கு ஏறும். கடன் பத்திரத்தில் உன்னோடு கையெழுத்துப் போட்டவர் அப்பா. அதனால் 'அவரிடம் எப்படிப் பேசுவது' என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சம்மதிக்க வைக்கத் தந்திரம் தேடாதே. பல்கலைக்கழகக் காலண்டர், ஒப்பந்த நகல், வங்கிக் கணக்கு மூன்றையும் அவர் முன்னால் வைத்து, தேதிகளைக் காட்டிப் பேசு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேள், பொறுமையாகக் கேள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, அந்த ரூம்மேட்டுக்குப் போன் போட்டுக் கையெழுத்தெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு.