புது ரயிலைக் கேட்பதற்கு முன் கால அட்டவணையைக் கேளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டாரக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். டர்பன் புறநகர் ரயில் பாதைகளைச் சீர்படுத்துவது பற்றி ஒரு கூட்டம் வருகிறது. மக்கள் தரப்பில் என்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கமிட்டியில் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் புது நீல ரயில்களைக் கேட்கலாம் என்கிறார். இன்ஜினீயரிங் படித்த தம்பி ஒருவர், நம் பாதையின் 3,000 வோல்ட் பழைய முறை, ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஓடும் காவ்ட்ரெயின் விரைவு ரயில் போல 25,000 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள் என்கிறார். இன்னொருவர் சோலார் என்கிறார். என் மகள் டவுனில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் நல்ல பங்கு மினிபஸ் டாக்சிக்கே போய்விடுகிறது. எங்களுக்கு வேண்டியது ஒழுங்காக ஓடும் ரயில்தான். எதைக் கேட்பது, ஐயா?

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கூட்டத்தில் பொருளைக் கேட்காதீர்கள், கால அட்டவணையைக் கேளுங்கள். “காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை சாட்ஸ்வொர்த் பாதையின் கடைசி நிலையமான கிராஸ்மூரிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு ரயில், மாலையிலும் அப்படியே, நூற்றுக்கு 95 ரயில் 5 நிமிடத்துக்கு மேல் பிந்தக் கூடாது.” உங்கள் இரண்டு பக்கமும் இந்த வரியில் தொடங்கட்டும். எத்தனை ரயில், எவ்வளவு மின்சாரம், என்ன சிக்னல் என்பதையெல்லாம் இதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். புது ரயில் மட்டும் கேட்டால் அதுவும் வந்துவிடலாம், ஆனால் மணிக்கு ஒன்றாக ஓடும்.

கணக்கு எளிதானது, நீங்களே போடலாம். கிராஸ்மூரிலிருந்து டர்பன் நிலையத்துக்கு 45 நிமிடம் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் திரும்ப 10 நிமிடம். ஒரு ரயில் ஒரு சுற்றை முடிக்க 110 நிமிடம். அரை மணிக்கு ஒரு ரயில் என்றால் 4 ரயில் போதும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 8, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 11. அதற்கு மேல் பணிமனையில் கைவசம் ஒன்றிரண்டு வேண்டும். உண்மையான ஓட்ட நேரத்தைக் கேட்டு வாங்கி இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டால் 45 நிமிடம் 65 ஆகிவிட்டால் சுற்று 150 நிமிடமாகிறது. அதே 15 நிமிட இடைவெளிக்கு 10 ரயில் தேவைப்படும். ஆக, தண்டவாளத்தைச் சரிசெய்து வேகக் கட்டுப்பாட்டை நீக்கினால், இரண்டு ரயில் வாங்கும் செலவு மிச்சம். இதைக் கூட்டத்தில் சொன்னால் எதிரே இருக்கும் பொறியாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீல ரயில்கள் நல்ல ரயில்கள்தான், அதில் சந்தேகமில்லை. 2013ல் அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான பிராசா 600 ரயில்களுக்கு ஒப்பந்தம் போட்டது, மொத்தம் 3,600 பெட்டிகள். முதல் 20 ரயில்கள் பிரேசிலில் தயாராயின, மற்றவை நைஜல் அருகே டன்னட்டர் தொழிற்சாலையில். ஆறு பெட்டி சேர்ந்தே ஓடும், குளிர்வசதி உண்டு, மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகும். அவை ஓடுவதற்கும் நம் கம்பியில் வரும் அந்த 3,000 வோல்ட்தான். இங்கேதான் உங்கள் தம்பியின் யோசனையை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1920களில் கிளென்கோவிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை மலைப்பாதையில் நிலக்கரி ஏற்றிவந்த நீராவி இன்ஜின்கள் திணறின. அந்தப் பாதைக்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே கொலென்சோவில் மின்நிலையம் கட்டினார்கள். அப்போது தேர்ந்தெடுத்தது டிசி எனப்படும் நேர்மின்னோட்டம், 3,000 வோல்ட். அந்தக் காலத்துக்கு அது மிக முன்னேறிய தொழில்நுட்பம். டர்பன் புறநகர் பாதைகளும் அதே முறைக்குள் வந்தன. ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரிப் பாதை, காவ்ட்ரெயின் ஆகியவை பிந்தி வந்தவை. அவற்றுக்கு 25,000 வோல்ட் ஏசி, அதாவது மாறுமின்னோட்டம்.

வித்தியாசம் இதுதான். ஒரு ரயில் புறப்படும்போது 3 மெகாவாட் இழுக்கிறது என்று வையுங்கள். 3,000 வோல்ட்டில் அது 1,000 ஆம்பியர். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர்தான். ஆம்பியர் கூடினால் செம்பு தடிக்க வேண்டும், துணை மின்நிலையங்களும் நெருக்கமாக வேண்டும். இரண்டு துணை மின்நிலையங்களுக்கு நடுவில் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் கம்பியில் வோல்ட் இறங்கும். சர்வதேசத் தரப்படி 3,000 வோல்ட் பாதையில் 2,000க்குக் கீழே போகக் கூடாது. அதை நெருங்கும்போது ரயில் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பயணிக்குத் தெரிவது ‘ரயில் இன்று மந்தமாகப் போகிறது’ என்பது மட்டும்தான். ஆகையால் அடுத்த கேள்வி இது: “15 நிமிட இடைவெளியில் ஓட்டினால் உச்ச நேரத்தில் கம்பியில் எத்தனை வோல்ட் மிஞ்சும்? ஒரு துணை மின்நிலையம் நின்றுபோனால் எத்தனை மிஞ்சும்?” இந்தக் கணக்கை எந்த மின் ஆலோசகரும் கணினியில் போட்டுப் பார்ப்பார். திட்டத்தில் அது இல்லையென்றால், அந்தத் திட்டம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

சரி, அப்படியானால் 25,000க்கு மாறிவிடலாமே? மாறிய ஊர்கள் உண்டு. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931ல் 1,500 வோல்ட் டிசியில்தான் தொடங்கியது. 1960களில் 25,000க்கு மாறியது. மும்பையில் வேலை முழுசாக முடிய 2016 ஆயிற்று. நெரிசலான பாதையில் இரண்டு வோல்ட்டிலும் ஓடும் ரயில்களை வாங்கி, பகுதி பகுதியாக மாற்றினார்கள். டர்பனில் மாற்றுவதானால் கம்பிக்கும் பாலத்துக்கும் நடுவே இடைவெளி கூட வேண்டும், அதாவது பாலங்களை உயர்த்த வேண்டும் அல்லது தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டும். தண்டவாளத்தில் மின்னோட்டம் விட்டு ரயில் எங்கே நிற்கிறது என்று கண்டறியும் சிக்னல் கருவிகள், ஏசியால் ஏமாறாதபடி மாற்றப்பட வேண்டும். வாங்கிய நீல ரயில்களையும் தொட வேண்டிவரும். அதே தண்டவாளத்தில் போகும் சரக்கு ரயில்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் உங்கள் மகள் இன்னும் பல வருஷம் டாக்சிக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். என் கருத்து உறுதியானது: இப்போதைக்கு 3,000 வோல்ட்டே இருக்கட்டும், துணை மின்நிலையங்களைக் கூட்டுங்கள். கூடவே ஒன்று கேட்கலாம். இனிக் கட்டும் ஒவ்வொரு பாலமும் 25,000 வோல்ட்டுக்குப் போதுமான உயரத்தில் இருக்கட்டும். இனிப் பொருத்தும் சிக்னல் ஏசியையும் தாங்கட்டும். அப்போது பேரப் பிள்ளைகள் காலத்தில் மாற்றினாலும் உடைத்துக் கட்ட வேண்டியிருக்காது.

டிசியில் இன்னொரு குறை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. பிரேக் போடும்போது ரயில் மின்சாரம் உண்டாக்கித் திருப்பித் தரும். சாதாரண டிசி துணை மின்நிலையம் அதை வாங்கி வெளி மின்கட்டமைப்புக்கு அனுப்பாது. பக்கத்தில் இன்னொரு ரயில் இழுத்துக்கொண்டிருந்தால்தான் அது பயன்படும். இல்லையென்றால் வெப்பமாகப் போய்விடும். ரயில்கள் அடிக்கடி ஓடும் பாதையில் சிக்கனம் கூடுவது இதனால்தான்.

சோலாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையக் கூரையிலும் பணிமனையிலும் வையுங்கள். விளக்கு, கேமரா, டிக்கெட் எந்திரம், சிக்னல் பேட்டரி எல்லாவற்றுக்கும் உதவும். 2023ல் மின்வெட்டு நம்மைப் படுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் விடியுமுன் வேலைக்குப் போகும் கூட்டத்தை இழுக்கும் மின்சாரத்தை அந்த நேரத்தில் கூரைத் தகடு தராது.

இனி, உங்கள் பாதைக்கே உரிய சிக்கல். சாட்ஸ்வொர்த் ரயிலுக்கு மெர்பேங்க் வரைக்கும் தனிப் பாதை இல்லை. டர்பனிலிருந்து ராஸ்பர்க், கிளேர்வுட், மான்ட்கிளேர் வழியாக உம்லாசி ரயிலும், இசிப்பிங்கோ தாண்டித் தென்கரைக்குப் போகும் ரயிலும் கூடவே வருகின்றன. மெர்பேங்க் பக்கம் வந்துதான் உங்கள் கிளை பிரிகிறது. கிளையை எவ்வளவு அழகாகச் செய்தாலும், அந்தப் பொதுப் பாதையில் இடம் கிடைக்கவில்லையென்றால் ரயில் சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குறுகிய கழுத்துள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். அதனால் உம்லாசி, மெர்பேங்க், இசிப்பிங்கோ சங்கங்களோடு சேர்ந்து ஒரே மனு கொடுங்கள். எல்லாருக்கும் வேண்டியது அந்தப் பொதுப் பாதையின் சிக்னலும் சந்திப்பும்.

சிக்னல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2019 ஜனவரியில் பிரிட்டோரியாவின் மவுன்டன் வியூ நிலையத்தில் இரண்டு ரயில்கள் மோதி உயிர்கள் போயின. அங்கே கேபிள் திருட்டால் சிக்னல் வேலை செய்யாமல், ஓட்டுநருக்கு வாய்மொழி அனுமதி கொடுத்து ரயிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முறையில் ஒவ்வொரு ரயிலுக்கும் பேசி, எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். 15 நிமிட இடைவெளி அதில் நடக்கவே நடக்காது.

அப்புறம் திருட்டு. 2020ல் லாக்டவுனில் ரயில்கள் நின்றபோது நாடு முழுக்க நிலையங்களைக் கூரை முதல் கம்பி வரை உரித்துவிட்டார்கள். 2022 நவம்பரில் அரசு பழைய செம்பு, இரும்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடையால் மட்டும் கம்பி நிற்காது. மின்சாரம் ஓடாத கம்பியை அறுப்பது எளிது. ஆகவே புதுக் கம்பி கட்டிய அன்றைக்கே மின்னூட்டம் கொடுத்து, சோதனை ரயிலாவது ஓட்ட வேண்டும் என்று கேளுங்கள். கம்பி அறுந்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருவார், அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். சுவர் கட்டுவதற்குத் தரும் பணத்தைவிட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் நிலையத்து நடைமேடையில் நின்று, கீழே இறங்காமல், தண்டவாள இணைப்புகளைப் பாருங்கள். இரண்டு தண்டவாளத் துண்டுகள் போல்ட் போட்டுச் சேரும் இடத்தில் விரல் தடிமனில் முறுக்கிய ஓர் உலோகக் கயிறு இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். கம்பி வழியாக ரயிலுக்கு வரும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. கயிறு வெட்டப்பட்டிருந்தால் வோல்ட்டும் கெடும், சிக்னலும் கெடும். வெறும் பற்றவைத்த தழும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதா? படம் எடுத்து, நிலையத்தின் பெயர் எழுதி, மனுவோடு வையுங்கள். ஜல்லிக்கு நடுவே சேறு மேலே வந்து காய்ந்திருந்தால் அதையும் எடுங்கள். அடியில் தண்ணீர் வடியவில்லை என்பதற்கு அது அடையாளம்.

தண்ணீரைச் சும்மா சொல்லவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளம் என்ன செய்தது என்பது டர்பன்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில் பாதைகள் பல இடங்களில் மண்ணோடு சரிந்தன. அதனால் வேலைகளின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வடிகாலும் மதகும், பிறகு மண்மேடு, பிறகு தண்டவாளத்தின் வளைவு நெளிவு, அதற்குப் பிறகுதான் மின்கம்பத்தின் அஸ்திவாரம். கம்பத்தை நட்டுவிட்டுப் பிறகு வேகத்துக்காகத் தண்டவாளத்தை நகர்த்தினால், கம்பி ரயிலின் நடுவே வராது. கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும். பட்ஜெட் ஆண்டு முடிவதற்குள் எதையாவது காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணுக்குத் தெரியும் கம்பம் முதலில் வந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

வேலை நடக்கும்போது பாதையை மூடுவதைப் பற்றியும் கேட்பார்கள். வாரக் கடைசியில் மட்டும் மூடினால் வருஷக் கணக்கில் இழுக்கும். கிளைப் பாதையை முழுசாகச் சில மாதம் மூடி ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் ரயில் டிக்கெட்டிலேயே ஏறக்கூடிய பஸ், திறக்கும் தேதி, தேதி தவறினால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் ஆகிய மூன்றும் எழுத்தில் வேண்டும். பெரியா ரோடு நிலையத்தில் இறங்கி வார்விக் சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு போகிறவர்களுக்கு அந்த பஸ்ஸில் மூட்டை ஏற்ற இடம் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்காகக் கூட்டத்தில் பேச வேறு யாரும் வரமாட்டார்கள்.

மனுவை ஆங்கிலத்திலும் சூலுவிலும் கொடுங்கள், சங்கத்தாருக்குத் தமிழில் ஒரு பிரதி. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் 15 நிமிடக் கோரிக்கை அந்த எண்ணோடு பதிவாகியிருக்கிறதா என்று, அது வெளியாகும் முன்பே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘சேவையை மேம்படுத்தக் கோரினர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உடனே திருத்தம் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள்.